பந்தற்காலில் நிற்கும் திரை

எட்டடி அகலமுள்ள ஜன்னலொன்றை வாடகை வீட்டின் கூடத்தில் முதன்முறையாகக் காணும் கிரகஸ்தர், அதன் வழியே பாயும் வெளிச்சத்தில் மனம் பறிகொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சாமான்களை இறக்கி, பாலும் காய்ச்சிய பிறகு, அன்றிரவு விளக்கைப் போட்டதும்தான், எதிர் மாடியிலிருப்பவர்களுக்குத் தம் குடும்பம் முழுவதும் நாடக மேடையில் நிற்பதுபோல் பிரத்தியட்சமாகத் தெரிகிறது என்பதை உணர்கிறார். மறுநாள் திரைச்சீலை வாங்கப் புறப்படுகிறவரை ஒப்பந்தத்தின் ஒரு வரி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது: ஜன்னல் நிலைகளில் துளையிடலாகாது.

அந்த வரியின்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆயினும் நிலையைப் பொறுத்தமட்டில் அதில் நியாயம் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தேக்கு நிலை திருகாணியைத் தன் நாருக்குள் இறுகப் பற்றிக்கொள்ளும். இக்காலத்து அலுமினிய நிலையோ உள்ளே வெற்றிடமும் வெளியே மெல்லிய தகடுமாக இருப்பதால், திருகாணியின் ஓரிரண்டு புரிகளே அதில் பிடித்து நிற்கின்றன. காலையும் மாலையும் திரையை இழுக்க இழுக்க அத்துளை அகன்று, ஒருநாள் கம்பியும் துணியும் சேர்ந்து கீழே விழும். கடலோர ஊர்களிலோ, உப்புக் காற்றுப் பட்ட இரும்புத் திருகாணி தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை வெண்பொடியாக அரித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சற்று நீளமான திருகாணி உட்புறம் துருத்திக்கொண்டு, ஸ்லைடிங் கதவோ கொசுவலையோ நகரும் தடத்தையே அடைத்துவிடுவதும் உண்டு.

நம் பழைய வீடுகளில் இந்தச் சங்கடமே எழவில்லை. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கதவுகள் கொண்ட மர ஜன்னலில், கீழ்க் கதவுகளைச் சாத்தினால் தெருவின் பார்வை நின்றுவிடும். மேற்கதவுகளின் வழியே காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்துகொண்டிருக்கும். திரையின் காரியத்தைக் கதவே செய்தது.

துளையின்றித் திரை மாட்டக் கடைகளில் கிடைக்கும் சாதனங்கள் குறுகிய ஜன்னலுக்கு ஏற்றவை. ஒட்டுக் கொக்கி சுவரில் ஒட்டுவதில்லை, சுவரின் வர்ணத்தில் ஒட்டுகிறது. பாரம் ஏறியதும் வர்ணத்தையும் பட்டியையும் உரித்துக்கொண்டு வருகிறது. இருபுறச் சுவர்களையும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் ராடு, குளியலறையின் மூன்றடி ஜன்னலில் வெகு காலம் இருக்கும்; அதையே எட்டடிக்கு நீட்டினால், உட்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும் பகுதி சுருங்கி, நடுவில் தொய்ந்து, முனைகள் வழுக்கிவிடுகின்றன. சீரான பாரத்தைத் தாங்கும் கம்பியின் இடைவெளி இரட்டிப்பானால் அதன் தொய்வு பதினாறு மடங்காகும் என்பது பொறியியல் மாணவர் யாவரும் அறிந்த கணக்கு. மடிப்பு விழுவதற்காக ஜன்னலின் அகலத்தைப் போல் இரு மடங்கு துணி எடுக்கிறோம். எட்டடி ஜன்னலுக்குப் பதினாறடி அகலம் என்று கொண்டால், சாதாரணப் பருத்தித் துணியே ஒன்றரைக் கிலோவை நெருங்கும், உட்துணியும் வைத்துத் தைத்தால் மூன்று கிலோவாகும். பிற்பகலில் கடற்காற்று புகுந்து அதைக் கப்பற்பாய் போல உப்பச் செய்யும்போது ஏற்படும் இழுப்பு வேறு.

ஆகவே இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: அகன்ற ஜன்னலில் திரையைத் தொங்கவிட நினைப்பதை விட்டு, அதை நிற்க வைக்க வேண்டும். இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் பகுதியில் வேலை செய்யும் ஆசாரி ஒருவர். ஜன்னலை ஒருமுறை அளந்துவிட்டு, "சார், கல்யாணப் பந்தலுக்கு யாராவது சுவத்துல ஓட்டை போடுறாங்களா? கால் நட்டுட்டா அது பாட்டுக்கு நிக்குது" என்றார். இரண்டங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள ரீப்பர்கள் மூன்றை, ஜன்னல் குழிவுக்குள், கீழ்த்திண்டின் மேல் இரு ஓரங்களிலும் நடுவிலுமாக நிறுத்தினார். நடுக்கால், இரண்டு கண்ணாடிக் கதவுகள் சந்திக்கும் சட்டத்துக்கு நேரே அமைந்ததால் பார்வையை மறைக்கவில்லை. மூன்று கால்களின் தலையிலும் ஒரு பலகையைக் கிடத்தி, அடியில் ரப்பர் துண்டு வைத்து ஆப்பு அடித்து இறுக்கினார். கம்பியைத் தாங்கும் பிடிகளை அந்தப் பலகையில் திருகினார். அது நம் மரம், அதில் எத்தனை துளையிட்டாலும் கேட்பாரில்லை. எட்டடி நாலடியாகப் பிரிந்தது. தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. குழிவே இல்லாத ஜன்னலுக்குத் தரையிலிருந்து கூரை வரை கால் நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

இந்த உபாயத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் மனம் துணியையும் கம்பியையும் விட்டு, வாடகைக்கு இருப்பவர்களின் நிலைமைக்கே சென்றுவிடுகிறது. முந்தைய வீட்டை நான் காலி செய்தபோது, ஜன்னல் நிலையிலிருந்த நான்கு துளைகளுக்காக ஒரு மாத வாடகை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளப்பட்டது. அவற்றில் இரண்டு, நான் குடிபுகும் முன்னரே அங்கு இருந்தவை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. ஆனால் அவசரத்தில் வீடு தேடுகிறவர் எந்த உடன்பாட்டுக்கும் தலையசைக்கிறார். சல்லடையான நிலையைத் திரும்பப் பெறும் உரிமையாளருக்கும் வருத்தம் இருக்கும்தான். எனினும், கட்டும்போதே ஜன்னலுக்கு மேல் ஒரு தேக்கு ரீப்பரைச் சுவரில் பதித்துவிட்டால் எந்தக் காலத்திலும் எவரும் நிலையைத் தொட நேராது. எட்டடிக் கண்ணாடிக்குச் செலவிடுகிறவர்கள் இந்த ஒரு கட்டையை மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியின் விளைவாக, ஒரு குடும்பம் செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் பகலிலும் விளக்கெரித்து வாழ்வதை நான் கண்டிருக்கிறேன். அவ்வீட்டுக் குழந்தைக்கு அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருப்பதே தெரியவில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் மறுபடி வீடு மாறினோம். ஆப்புகளை நானே சுத்தியலால் தட்டிக் கழற்றி, மூன்று கால்களையும் பலகையையும் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றினேன். திண்டின் மேல் ரப்பர் இருந்த இடத்தில் சற்றே வெளுத்த மூன்று சதுரங்கள் மட்டும் இருந்தன, ஈரத்துணி அவற்றையும் துடைத்துவிட்டது. புதிய வீட்டின் ஜன்னல் ஏழரையடி. ஆசாரி வந்து பலகையில் அரையடியை அறுத்து, குட்டையாகிப்போன கால்களுக்குக் கனத்த ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். அன்று மாலை விளக்கேற்றும் முன்பே திரை நின்றுவிட்டது.