வெளிச்சத்தைத் தலையில் சுமந்த காலம்

பொழுது சாயும் நேரத்தில் திருச்சியின் திருவெறும்பூரில் எறும்பீஸ்வரர் மலைப்படிகளில் ஏறி நின்று பாருங்கள். அறுபது அடி உயரக் குன்றுதான். ஆனால் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளக்குகள். தஞ்சாவூர் சாலை, ரயில் நிலையம், தெருக்கள், கடைகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஒளிர்ந்துவிடும். யாரும் ஏணி தூக்கி வரவில்லை, யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை.

ஊரின் மூத்தவர்களிடம் பழைய வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் சொல் 'காஸ் லைட்டு'. கல்கத்தாவில் 1857-லேயே நிலக்கரி வாயுவைக் குழாயில் கொண்டுவந்து தெருவிளக்கு எரித்தார்கள். அந்தக் குழாய் நம் சிற்றூர்களுக்கு வரவேயில்லை. இங்கே காஸ் லைட்டு என்றால் பெட்ரோமாக்ஸ். எரிந்தது மண்ணெண்ணெய்தான். ஆனால் பம்பு அடித்துக் காற்றழுத்தம் ஏற்றினால் எண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி, மேண்டில் என்னும் வலைக்குள் வாயுவாகவே எரியும். ஆகவே மக்கள் வைத்த பெயரில் பிழையில்லை. 1910 வாக்கில் பெர்லினில் இந்த விளக்கை உருவாக்கிய மாக்ஸ் கிரேட்ஸின் பெயர்தான் 'மாக்ஸ்' என்று அதில் ஒட்டிக்கொண்டது.

அந்த மேண்டிலுக்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு உண்டு. துணிவலையைத் தோரியம் உப்பில் நனைத்து எடுப்பார்கள். முதல்முறை பற்றவைத்ததும் துணி எரிந்துபோய்ச் சாம்பல்வலை மட்டும் நிற்கும். ஏறக்குறைய 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட அந்த வலைதான் பால்போல் வெளிச்சம் தரும். தோரியம் கிடைப்பது மோனசைட் மணலில். 1909-ல் ஜெர்மானியரான ஷோம்பர்க் அந்த மணலைக் கண்டெடுத்த இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை. நம் கடலோர மணல் கப்பலேறிப்போய் ஐரோப்பியத் தெருக்களின் வாயு விளக்குகளுக்கு மேண்டிலானது.

பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது தனிக் கைவேலை. ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும், பதம் பார்த்துக் காற்றடிக்க வேண்டும், அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்திவிட வேண்டும். விரல் பட்டால் மேண்டில் உதிர்ந்துவிடும். 'உஸ்' என்ற அதன் இரைச்சல் கேட்டாலே தெருப்பிள்ளைகள் ஓடிவருவார்கள். கல்யாணம், கூத்து, அரசியல் கூட்டம், துக்க வீடு எதற்கும் அதை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் மேண்டிலை வைத்து நடத்திய காட்சி இன்றும் நினைவில் நிற்கிறதென்றால், அந்த விளக்கு அவ்வளவு பேர் வாழ்க்கையில் இருந்தது என்று பொருள்.

அந்த வெளிச்சத்துக்கு அடியில் ஓர் ஆள் இருந்தார். மாப்பிள்ளை அழைப்பிலும் சுவாமி புறப்பாட்டிலும் சும்மாட்டின் மேல் விளக்கை வைத்துக் கூலிக்காரர்கள் நடந்தார்கள். பெண்களும் சுமந்தார்கள். உச்சியில் கொதிக்கும் சூடு, முகத்தில் மொய்க்கும் ஈசல், மூக்கில் எண்ணெய் நெடி. ஊர்வலத்தில் எல்லோர் முகமும் பளிச்சென்று தெரியும். சுமந்தவர் முகம் மட்டும் விளக்கின் நிழலில் கிடக்கும்.

தெருக்கம்பங்களின் கதை வேறு. கண்ணாடிக் கூண்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. அந்திக்கு முன்பே ஏணியும் எண்ணெய்க் குவளையுமாக ஒருவர் வருவார். சிமினியைத் துடைத்து, திரி வெட்டி, எண்ணெய் ஊற்றி, ஏற்றிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவார். நிலாக்காலத்தில் ஏற்றாமல் விடுவதும் பல ஊர்களில் வழக்கம்.

பிறகு மின்சாரம் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம். 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, சில ஆண்டுகளில் அங்கே நீர்மின் உற்பத்தி. திருச்சிக்குத் தண்ணீர் தந்த காவிரி வெளிச்சமும் தரத் தொடங்கியது. காமராஜர் ஆட்சியில் கிராமம் கிராமமாகக் கம்பிகள் நீண்டன. 1957-ல் மின்வாரியம் அமைந்தது.

திருவெறும்பூருக்கு இதில் தனிப்பெருமை உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அனல்மின் நிலையத்தின் அடுப்பும் அண்டாவும் கொதிகலன்தான். நாட்டின் பல மின்நிலையங்களில் நிற்கும் கொதிகலன்கள் இந்த ஊர்க்காரர்களின் கையால் பற்றவைக்கப்பட்டவை. மேண்டிலுக்குக் காற்றடித்த ஊர், ஒரு தலைமுறைக்குள் நாட்டுக்கே விளக்கேற்றும் ஊரானது.

குண்டு பல்பு, டியூப் லைட், மஞ்சள் சோடியம் விளக்கு, இப்போது எல்.இ.டி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நல்லது. இரவுப் பணி முடிந்து வரும் தொழிலாளிக்கும், டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைக்கும் வெளிச்சம் என்பது பாதுகாப்பு. எவர் தலையிலும் நெருப்பை ஏற்றாமல் தெரு ஒளிர்வதுதான் மின்சாரம் கொண்டுவந்த மிகப் பெரிய நீதி என்று நான் நினைக்கிறேன். பழைய நாளை எண்ணி ஏங்குகிறவர்கள் அந்தச் சும்மாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம். அன்று ஒவ்வொரு விளக்கையும் தினமும் ஒருவர் கண்ணால் பார்த்தார். அணைந்தால் அன்றே தெரிந்தது. இன்று தெருமுனை விளக்கு எரியாமல் வாரக்கணக்கில் கிடந்தாலும், யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் கடந்துபோகிறோம். ஏணியோடு வந்தவர் இனி வரமாட்டார். உங்கள் தெருவில் எரியாத விளக்கு இருந்தால், அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு நீங்களே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.