விளிம்பும் உடைமையும்: மூடுபனிக் கணிமையின் வளப்பாகுபாடு பற்றிய ஒரு நோக்கு

பொருள்களை வகைப்படுத்தும் எந்த முறையும், வகைப்படுத்துவோரின் தேவையிலிருந்தும் அவர் நிற்கும் இடத்திலிருந்தும் முற்றாக விடுபட்டதன்று. தமிழிலக்கிய மாணவர் இதனை நன்கறிவர். திணைப் பாகுபாட்டினைப் புலவர் மரபாக மாத்திரம் கொள்ளாது, பண்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து நோக்கிக் கா. சிவத்தம்பி 1974இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை இவ்வகையில் நமக்கு வழிகாட்டியாகும். அந்நோக்கினை இன்றைய கணினித்துறையின் பாகுபாடொன்றின்மீது செலுத்துவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முகிற்கணிமை என்பது தொலைவிலுள்ள பெருங் கணினி நிலையங்களின் ஆற்றலை வலையமைப்பு வழியே வாடகைக்குப் பெறும் முறை. இதன் முதற் குறை தொலைவு. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். ஒளியிழையினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். எனவே அங்குள்ள கணினியொன்றிடம் வினவி விடைபெறுவதற்கு, வேறெத்தடையும் இல்லாதவிடத்தும், 28 மில்லிசெக்கன் கழியும். கடலடி வடத்தின் வளைவுகளும் இடைநிலையங்களும் நடைமுறையில் இதனைப் பெருக்கும். திரைப்படம் பார்ப்பவருக்கு இது பொருட்டன்று. இயந்திரமொன்றை உடனுக்குடன் இயக்க வேண்டியவருக்கோ இது பெருந்தடை. இணைப்பு அறுந்தால் யாவும் நின்றுவிடுதல் அதனினும் பெரிய இடராகும்.

இவ்விடர்ப்பாட்டினின்றும் எழுந்ததே கணிமையைப் பயனருக்கு அண்மையிற் கொணரும் முயற்சி. சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்று, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான மகாதேவ் சத்தியநாராயணனும் பிறரும், ‘குறுமுகில்’ எனத் தமிழில் வழங்கத்தக்க கருத்தினை 2009இல் முன்வைத்தனர். 2012இல் சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த பிளேவியோ பொனோமி குழுவினர் ‘மூடுபனிக் கணிமை’ பற்றி எழுதினர். மூடுபனி, நிலத்தையொட்டிய முகிலன்றோ! வலையமைப்புக் கருவிகளை விற்கும் நிறுவனமொன்று அக்கருவிகளுக்குள்ளேயே கணிமை வளத்தைக் கண்டமை தற்செயலானதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

விளக்கத்தின்பொருட்டுப் புங்குடுதீவின் இறுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். தீவகத்தின் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் தங்கிய மெல்லிய படையாகும். மிகுதியாக இறைப்பின் கிணறு உவராகும். இக்கிராமத்துக் கிணறுகளில் உவர்த்தன்மையை அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன எனக் கொள்வோம். உணரி சிறிதளவு நினைவகமும் மின்கலமும் கொண்டது. அளப்பதும் அனுப்புவதுமே அதனால் இயலும். சனசமூக நிலையத்தில் வைக்கப்பட்ட சிறு கணினியொன்று எல்லாக் கிணறுகளின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, எல்லை மீறியவிடத்து நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தும். தீவகம் முழுவதன் நிலையையும் யாழ்ப்பாண நகரிலுள்ள கணினி தொகுக்கும். பல்லாண்டுத் தரவுகளை மழைவீழ்ச்சியோடு ஒப்பிடும் பெருங்கணக்கினை வெளிநாட்டு முகில் செய்யும். இறுப்பிட்டியிலிருந்து வேலணைக்கும், அங்கிருந்து பண்ணைத் தாம்போதி வழியே நகருக்கும் வீதி செல்வதுபோலத் தரவும் படிப்படியாக மையம் நோக்கிச் செல்கின்றது.

இவ்வளங்களை ஆய்வாளர் பல அளவைகளாற் பகுப்பர். பணிநோக்கிற் கணித்தல், சேமித்தல், கடத்தல் என அவை மூவகைப்படும். ஓரிடத்தில் நிலைத்திருப்பன, கைத்தொலைபேசிபோல இடம்பெயர்வன என்பது பிறிதொரு பகுப்பு. ஒரு பணிக்கென்றே அமைந்தன, வேறு பணியினிடையே எஞ்சிய ஆற்றலை ஈவன என்றும், மின்வலையிற் தங்கியன, மின்கலத்திற் தங்கியன என்றும் பகுப்பதுண்டு. எனினும் இவற்றுட் தலையானவை தொலைவும் தாமதமுமே. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஆயின் ஒப்புமை அவ்வளவே. தொல்காப்பியத்திற் கணிமையைத் தேடுவது ஆராய்ச்சியாகாது.

இனி, உடைமை பற்றிய வினாவுக்கு வருவோம். அமெரிக்கத் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவனம் 2018இல் வெளியிட்ட கருத்துருவம், மூடுபனிக் கணுக்களைத் தனியார், சமூகம், பொது, கலப்பு என நால்வகைப்படுத்துகின்றது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது உடைமை பற்றிய பாகுபாடாகத் தோன்றும். உண்மையில் இது பயன்பாடு பற்றியதே. ஒரு குறித்த சமூகம் பயன்படுத்துமாயின் அது சமூகக் கணு. அதன் உடைமையும் நிருவாகமும் அச்சமூகத்தைச் சார்ந்த அமைப்புகளிடமோ வெளியாரிடமோ இருக்கலாம் என அவ்வரைவிலக்கணமே இடந்தருகின்றது. இறுப்பிட்டியின் கணினி சனசமூக நிலையத்துள் இருந்துகொண்டே வேறொருவரின் மூலதனமாக இருத்தல் கூடும். எந்த அளவீட்டில் இயந்திரம் நிற்கவேண்டும் என்ற விதியைத் தொலைவிலுள்ளோர் எழுதலாம். கிணற்றுத் தரவு அவர்தம் பண்டமாகலாம். தாமதம் குறைகின்றது, அதிகாரத்தின் தொலைவோ குறைவதில்லை.

இது வெறும் ஐயமன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் சூரியஒளி, காற்று, மின்கலம், டீசல் என்பவற்றை இணைத்து அவ்விடத்திலேயே மின்னாக்கும் திட்டத்தின் வரலாற்றை நோக்குக. 2021இற் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்கப்பட்ட அத்திட்டம், இந்தியாவின் ஆட்சேபத்தின்பின் கைவிடப்பட்டு, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் புதிதாக ஒப்பந்தமாயிற்று. மின்னாக்கம் தீவுகளுக்கு உரியது. அதன் போக்கைத் தீர்மானித்ததோ அரசுகளின் போட்டி. கணிமை வளத்துக்கும் இத்தகைய நிலை நேரலாம்.

ஆதலின் நிலவும் பாகுபாட்டோடு மூன்று அளவைகளைச் சேர்த்தல் வேண்டுமென்பது நமது கருத்து. கணு யாருக்கு உடைமை? அது இயங்கும் விதியை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது? மைய இணைப்பு அறுந்தவிடத்தும் அது தன் மக்களுக்குப் பணிபுரியுமா? மூன்றாவது வினாவைப் பொறியியலாளர் ஏற்கெனவே எழுப்பியுள்ளனர். முன்னைய இரண்டும் சமூகவியல் வினாக்கள் என ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கும் விடை கூறப்படாதவரை, விளிம்புக் கணிமை விளிம்பில் வாழ்வோரின் கணிமையாகாது.