கைப்பிடி அரிசி முதல் கியூஆர் கோடு வரை... மிஷனரிகளுக்கு காசு எங்கிருந்து வருது? ஜெபக்குழுக்கள் என்ன பண்ணுது?

மிசோரமில் பல வீடுகளில் சோறு பொங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தேவையான அரிசியை அளந்து எடுத்ததும், உலையில் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை சர்ச்சில் இருந்து பெண்கள் வந்து அதை வாங்கிப் போவார்கள். அரிசி விற்ற பணம் சபையின் ஊழியத்துக்குப் போகும். மிசோ மொழியில் இதற்கு 'புஃபாய் தம்' என்று பெயர். கைப்பிடி அரிசி என்பதுதான் பொருள்.

பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ல் தொடங்கிய பழக்கம் இது. விறகடுப்பு போய் குக்கர் வந்த பிறகும் நிற்கவில்லை. 1894 ஜனவரியில்தான் லொரெய்ன், சாவிட்ஜ் என்ற முதல் இரண்டு ஆங்கிலேய மிஷனரிகள் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று அதே மலையில் இருந்து நூற்றுக்கணக்கான மிசோ மிஷனரிகள் வெளி ஊர்களுக்குப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே 11 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள்தொகை கொண்ட மாநிலம் அது.

மிஷனரி என்றாலே வெளிநாட்டுக் காசு என்ற பேச்சு நம்மூரில் அடிக்கடி வரும். அதில் பாதி உண்மை, பாதி பழைய கதை. அப்போ மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? யார் கொடுக்கிறார்கள்? கூடவே ஏன் 'ஜெபத்தில் தாங்குங்கள்' என்று சொல்கிறார்கள்?

'தாங்குவது' அப்படின்னா என்ன?

சபை வழக்கில் இது தினசரிப் பேச்சு. ஒரு மிஷனரி குடும்பத்தை ஜெபத்தாலும் பணத்தாலும் நிலைநிறுத்துவதைத்தான் 'தாங்குவது' என்கிறார்கள். போகிறவர் ஒருவர் என்றால், அவருக்குப் பின்னால் அனுப்புகிறவர்கள் பலர் இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கூடினார்கள். பெரிய வசதி யாருக்கும் கிடையாது. ஒரு மூக்குப்பொடி டப்பாவைச் சுற்றி அனுப்பி, தாங்கள் தரப்போகும் தொகையை ஆளாளுக்கு துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டார்கள். சேர்ந்தது 13 பவுண்ட் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தச் சங்கம்தான் அடுத்த ஆண்டு, செருப்புத் தொழில் தெரிந்த வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியது. நான் சுரங்கத்துக்குள் இறங்குகிறேன், மேலே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கேரி கேட்டுக்கொண்டதாக ஒரு செய்தி உண்டு. கயிற்றைப் பிடிப்பது என்ற அந்தப் படிமம் இன்றும் மிஷனரிக் கூட்டங்களில் பேசப்படுகிறது.

தரங்கம்பாடிக்கு வந்த பணம்

தமிழ்நாட்டுக் கதை கேரிக்கும் முந்தையது. 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். ராஜாவே அனுப்பினாலும் காசு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஆரம்ப வருடங்களில் கப்பலில் வந்த ஒரு பணப்பெட்டி, கரைக்குக் கொண்டு வரும்போது கடலில் விழுந்தே போனது.

ஆனால், அந்த மிஷன் பிழைத்ததற்கு இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த ஃபிராங்கே என்ற போதகர், தரங்கம்பாடியில் இருந்து வந்த கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். படித்தவர்கள் ஜெபித்தார்கள், பணமும் அனுப்பினார்கள். தமிழர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், என்ன நம்புகிறார்கள் என்றெல்லாம் அந்தக் கடிதங்கள் சொல்லின. இன்று மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வரும் 'ஜெபக்கடித'த்துக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம்.

அசரியா யாழ்ப்பாணத்தில் பார்த்தது என்ன?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கே ஒரு விஷயத்தைப் பார்த்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் தொண்டி வட்டாரத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக மிஷனரிகளைப் பார்த்த திருநெல்வேலியில் அப்படி ஒன்று இல்லையே என்பது அவரை உறுத்தியது.

அடுத்த வருடமே, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் வட்டாரத்தைப் பணித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது. தெலுங்கு தெரியாத நெல்லைக்காரர்கள் தெலுங்கு படித்துக்கொண்டு போனார்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில், கேரி வாழ்ந்த அதே செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் உருவானது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இதிலும் அசரியா இருந்தார். 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இதில் முக்கியமான விஷயம், கொடுத்தவர்கள் யார் என்பதுதான். நெல்லையில் பனையேறிகளும் சின்ன விவசாயிகளும் கொடுத்தார்கள். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் கருப்பட்டி கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள். தோர்ணக்கல்லில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் கூலிகள். அவர்களும் வாங்கிக்கொள்ளும் கூட்டமாகவே இருந்துவிடக் கூடாது, கொடுக்கவும் வேண்டும் என்று அசரியா பிடிவாதமாக இருந்தார். அங்கேயும் பெண்கள் சமைக்கும்போது கைப்பிடி தானியம் எடுத்து வைத்தார்கள். கொடுப்பதைப் பற்றி அவர் தனிப் புத்தகமே எழுதினார். ஏழையிடம் போய் வாங்குவதா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. கொடுக்கிறவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை வரும் என்பதே அதற்கான பதில். வெளிநாட்டுச் சங்கம் சம்பளம் கொடுக்கும் வரை யாரை நியமிப்பது, எங்கே போவது என்ற முடிவும் வெளிநாட்டில்தானே இருக்கும்?

அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்தை தென் மாவட்டங்களில் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு முருங்கைக்காயோ முதல் ஈத்துக் கோழியின் முட்டையோ கடை விலையைப் போல பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பதும் நடக்கும். கைப்பிடி என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான வழியும் இல்லை. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் முன்னெடுத்த பிடி அரிசித் திட்டமும் தினமும் ஒரு பிடி எடுத்து வைப்பதுதான். அது கோயிலில் படைக்கப்பட்டு ஏழைகளுக்குப் போனது.

சரி, ஜெபம் எங்கே வருது?

1950-களின் கடைசியில் தென் தமிழகத்தில் இளைஞர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அதில் இருந்து வளர்ந்ததுதான் ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட். முதலில் ஜெபக்குழு, பிறகுதான் மிஷனரி. பெயரே அதைச் சொல்கிறது. ஜார்க்கண்டின் மால்டோ பழங்குடியினர் மத்தியில் செய்த வேலையால் பலரும் அறிந்த அமைப்பு இது.

நடைமுறை எளிமையானது. பத்துப் பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவார்கள். கையில் அந்த மாத இதழோ ஜெபக்குறிப்போ இருக்கும். இன்ன ஊரில் இன்னார் குடும்பத்துக்கு மலேரியா, இன்ன இடத்தில் பள்ளிக்கூடம் கட்ட அனுமதி கிடைக்கவில்லை, இன்னாருடைய பெண்ணுக்குப் பரீட்சை என்று பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார்கள். மாதம் ஒருநாள் உபவாச ஜெபமும் இருக்கும். ஜெபத்துக்குப் பலன் உண்டா என்பது நம்பிக்கை சார்ந்த கேள்வி, அதை செய்தி தீர்த்துவைக்க முடியாது. ஆனால் வெளியில் இருந்து பார்ப்பவருக்கும் ஒன்று தெரியும். ஒருவருடைய பெயரை வாரா வாரம் சொல்பவர், அவருக்குச் செய்ய வேண்டியதை மறப்பதில்லை. ஒரே ஒரு பணக்காரர் கொடுக்கும் லட்சத்தைவிட நூறு பேர் மாதாமாதம் கொடுக்கும் நூறு ரூபாய் நம்பகமானது. ஏனென்றால் அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓடுகிறது. மிஷனரி பிள்ளைகளுக்காகவே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளி இருக்கிறது.

அதே டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கை வைத்திருந்தார். தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது அவர் வழி. இன்றைக்கு டிவியில் ஓயாமல் கணக்கு எண் ஓடவிடும் ஊழியங்களைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே மாவட்டத்து வழக்கமா என்று தோன்றும்.

வெளிநாட்டுப் பணத்துக்கு என்ன விதி?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., 2010-ல் புதிதாக வந்தது. 2020 திருத்தம் அதை இறுக்கியது. வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று உரிமம் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது, 2022 ஜனவரியில் திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டை நம்பி இருந்த பல சிறிய ஊழியங்கள் திணறின. கைப்பிடி அரிசிக்காரர்களுக்கு அந்த அடி விழவில்லை.

துபாயில் இருக்கும் தம்பி அனுப்பினால்? அவர் இந்தியக் குடியுரிமையோடு, சொந்தச் சேமிப்பில் இருந்து, முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கினால் சிக்கல் அமைப்புக்கு.

மதமாற்றச் சட்டம் இதில் எங்கே வருது?

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. பல மாநிலங்களில், ஆசை காட்டி மதம் மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த சட்டம் பிறகு நீக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டு மிஷனரிகள் பலர் வேலை செய்வது வட மாநிலங்களில். அங்கே அரிசியும் மருந்தும் உதவியாகக் கொடுத்ததா, ஆசை காட்டியதா என்பது வழக்காகலாம். 1930-களில் காந்திக்கும் அசரியாவுக்கும் நடந்த வாதமும் கிட்டத்தட்ட இதுவேதான், இன்னும் முடியவில்லை. இன்னொன்று, ஜெபக்கடிதத்தில் கிராமத்தின் பெயரையும் மதம் மாறியவர் படத்தையும் போட்டு ஃபார்வர்டு செய்தால், ஆபத்து அந்தக் கிராமத்தில் இருப்பவருக்கு.

கொடுப்பவர் எதைக் கேட்கலாம்?

ரசீது கேட்கலாம். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேட்கலாம். கணக்கு டிரஸ்ட் பெயரில் இருக்கிறதா, போதகரின் சொந்தப் பெயரில் இருக்கிறதா என்று கியூஆர் கோடு ஸ்கேன் செய்யும்போதே திரையில் தெரியும். இத்தனை பேர் மனம் மாறினார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே வந்து, செலவுக் கணக்கு வராத கடிதத்தைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகை, ஒரு மதத்தவருக்காக மட்டும் இயங்கும் டிரஸ்ட்டுக்கு பொதுவாகக் கிடைக்காது. மருத்துவமனை, பள்ளி நடத்தும் அறக்கட்டளைக்குப் பதிவு இருந்தால் கிடைக்கலாம். அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது கிடையாது.