பின்புறக் காற்றுச்சிதறி (தானுந்து)

பின்புறக் காற்றுச்சிதறி அல்லது ஸ்பாய்லர் என்பது தானுந்தின் பின்பெட்டி மூடியின் விளிம்பில் பொருத்தப்படும் மேல்நோக்கி வளைந்த பட்டை ஆகும். பேச்சு வழக்கில் பின்பெட்டி டிக்கி எனப்படுகிறது. வண்டியின் மேல் பாயும் காற்றின் போக்கைக் குலைத்து, பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க முயலும் எழும்புவிசையைக் குறைப்பதே இதன் பணி. பழைய தானுந்துகளில் இதைத் தோற்றத்திற்காகவும் பொருத்துகின்றனர். அவ்வாறு பொருத்துகையில் எழும் பொறியியல், துரு, சட்டம் ஆகிய சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்படும் முறை

1940கள் முதல் 1960கள் வரை உருவான பல தானுந்துகளின் பின்பகுதி உருண்டு சரிவாக அமைந்திருக்கும். காற்று அந்த வளைவை ஒட்டியே கீழிறங்கும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. இக்குறைந்த அழுத்தம் பின்பகுதியை மேலே இழுக்கிறது. மூடியின் விளிம்பில் சில சென்டிமீட்டர் உயரமுள்ள பட்டை இருந்தால், காற்று வளைவை ஒட்டி இறங்காமல் அவ்விடத்திலேயே பிரிந்து செல்லும். பட்டைக்கு முன்னால் அழுத்தம் கூடும், எழும்புவிசை குறையும்.

காற்றுச்சிதறியும் இறக்கையும் ஒன்றல்ல. இறக்கை மூடியிலிருந்து உயர்ந்து நிற்பது. அதன் இருபுறமும் காற்று பாயும். காற்றுச்சிதறி உடற்பகுதியோடு ஒட்டியிருப்பது.

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, முகப்புப் பரப்பு 1.8 சதுர மீட்டர் உள்ள ஒரு வண்டியில் எழும்புவிசைக் கெழு 0.1 அளவு குறைவதாகக் கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் பயன் ஏறத்தாழ 30 நியூட்டன், அதாவது 3 கிலோகிராம் எடைக்கு ஈடு. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அது 120 நியூட்டன், அதாவது 12 கிலோகிராம் எடைக்கு ஈடு. எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப்பெட்டக லாரிகளின் நடுவே செல்லும் பழைய வண்டிக்கு இதனால் உணரத்தக்க பயன் இல்லை என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். மேலும், பின் அச்சுக்குப் பின்னால் விழும் அழுத்தம் நெம்புகோல் போல் செயற்பட்டு முன் சக்கரங்களின் சுமையைச் சிறிது குறைக்கும்.

வரலாறு

1961இல் பெராரி நிறுவனத்தின் பந்தய வண்டிகளில் பின் விளிம்புப் பட்டை பயன்படுத்தப்பட்டது. 1972இல் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். தானுந்தின் காற்றுச்சிதறி, வாத்தின் வாலை ஒத்திருந்ததால் அப்பெயராலேயே புகழ்பெற்றது. 1973இல் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ்.எல். வண்டிக்கு உருவாக்கப்பட்ட பின் இறக்கை, செருமானியச் சாலை விதிகளுக்கு ஒவ்வாததாக இருந்தது. எனவே அங்கு விற்கப்பட்ட வண்டிகளில் இறக்கையைப் பொருத்தாமல் டிக்கிக்குள் வைத்துக் கொடுத்தனர்.

சென்னையில்

வட சென்னைக்கும் தானுந்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 தானுந்துகளைத் தொகுத்தது. அந்நிறுவனமே 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிப் பேருந்து, சரக்குந்துத் தயாரிப்பில் நிலைபெற்றது. நகரின் தென்புறத்தில், வண்டலூருக்கு அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு தானுந்துகளைத் தயாரித்தது. வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் திறக்கப்பட்டது. காற்றுச்சிதறி உண்மையில் பயன் தருவது இத்தகைய ஓடுதளங்களின் வேகத்தில்தான்.

பொருத்தும் முறை

1. மூடியின் உட்புறத்தில் உள்ள வலுவூட்டும் சட்டங்களின் இடம் முதலில் அறியப்படும். துளைகள் இயன்றவரை அவற்றை ஒட்டி அமைய வேண்டும். வெறும் தகட்டில் அமைந்தால் உட்புறம் அகன்ற வாசர் அல்லது தாங்குதகடு தேவை.

2. மூடியின் நடுக்கோடு அளந்து குறிக்கப்படும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அடையாளமிட்டால் வண்ணப்பூச்சு சிராய்க்காது. பட்டையை வைத்துப் பார்த்து, மூடி திறக்கும்போது எங்கும் இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

3. முதலில் சிறு துளையிட்டுப் பின்னர் தேவையான அளவுக்குப் பெரிதாக்கப்படும். இரும்புத் துகள்களை உடனே அகற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட துகள் ஒவ்வொன்றும் துருவின் தொடக்கமாகும்.

4. துளையின் விளிம்பில் துத்தநாகம் கலந்த பிரைமர் இருமுறை பூசி உலரவிட வேண்டும். இப்படியே பெரிதும் தவறவிடப்படுகிறது.

5. பட்டைக்கும் மூடிக்கும் இடையே ரப்பர் அடையும் நீர்புகாப் பசையும் இட்டு, போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தகடு குழியும்.

ஃபைபர் பட்டை எடை குறைந்தது, துருப்பிடிக்காது. இரும்புப் பட்டை கனமானது. திறந்த மூடியைத் தாங்கும் சுருள்வில்லோ தாங்குகோலோ அந்த எடையைத் தாங்காவிடில், மூடி கையின்மேல் விழும் ஆபத்து உண்டு. கூர்முனைகள் பாதசாரிகளைக் காயப்படுத்தும் என்பதால் விளிம்புகள் உருட்டப்பட வேண்டும். பட்டை பின்கண்ணாடியின் பார்வையையோ நிறுத்த விளக்கையோ எண்பலகையையோ மறைக்கக்கூடாது.

கடற்கரைச் சூழலும் துருவும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. அனல்மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் வெளியிடும் கந்தக டைஆக்சைடு ஈரத்துடன் சேர்ந்து அரிப்பை விரைவுபடுத்துகிறது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு சாதாரண இரும்புத் தகட்டை நேரடியாகத் தொட்டால், உப்புநீர் மின்பகுபொருளாகி, மின்வேதி அரிப்பில் தகடே அழியும். நைலான் வாசர் இட்டு இரண்டையும் பிரிப்பது இதற்குத் தீர்வு. ஒட்டுநாடாவால் மட்டும் பொருத்தினால் துளை தேவையில்லை; ஆனால் வெயிலில் பசை இளகினால் பட்டை சாலையில் பறந்து பின்வருவோரைத் தாக்கக்கூடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

2021இன் விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அசல் வடிவில் பெருமாற்றமின்றி உள்ள தானுந்துகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய வழிசெய்தன. உடற்கூட்டை வெட்டி மாற்றிய வண்டி இத்தகுதியை இழக்கக்கூடும்.

அசல் மூடியைக் காத்தல்

பழைய வண்டியின் மூடியில் இட்ட துளையைப் பற்றவைத்து, பட்டியிட்டு, வண்ணம் பூசி மறைக்கலாம். ஆனால் தகட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. எனவே சிலர் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டை போன்ற இடங்களில் இரண்டாவது மூடி ஒன்றைத் தேடி வாங்கி, அதில் காற்றுச்சிதறியைப் பொருத்துகின்றனர். அசல் மூடி எண்ணெய் பூசித் துணியில் சுற்றி, கடற்காற்று படாத இடத்தில் வைக்கப்படுகிறது. வண்டி பின்னாளில் யார் கைக்குச் சென்றாலும், அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவத்திற்குத் திரும்பும் வாய்ப்பு இதனால் எஞ்சுகிறது.