பழைய லென்ஸும் புதிய காமிராவும்

சென்ற தை மாதத்தில் ஒரு மாலைப் பொழுதில், நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் செல்லூரிலிருந்து சிறு தோற்பெட்டி ஒன்றைக் கையிலேந்தி நம்மிடம் வந்தார். அவர்தம் தந்தையார் செல்லூரில் நெடுங்காலம் போட்டோ ஸ்டுடியோ நடத்திக் காலஞ்சென்றவர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, கீழே இருந்த படச் சுருள்களும் புத்தகங்களும் நனைந்து போயின. பரண்மேல் இருந்த இப்பெட்டி ஒன்றே தப்பியது. பழம்பொருள் வாங்குவோர் ஒருவரிடம் அதைக் காட்டினாராம். அவர் தம் புதுக் காமிராவில் பொருத்திப் பார்த்துவிட்டு, "மங்கிப் போயிற்று, எடைக்கும் போகாது" என்று திருப்பிக் கொடுத்து விட்டார்.

"ஐயா, எறிவதாயின் தாங்கள் ஒரு முறை பார்த்த பின் எறிகிறேன்" என்றார் நண்பர். அவருக்கு இதில் வேறொரு கருத்தும் இருந்தது. அவர் தாய்மாமன் வீட்டில் குழித்தறி ஒன்று இன்னும் ஓடுகிறது. பங்குனியில் அதைப் பிரித்துவிட்டு அவ்வறையை வாடகைக்கு விடப் போகின்றனர். அதற்குள் அத்தறியைத் தந்தையின் லென்ஸாலேயே படம் பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். நிக்கான் கம்பெனியார் 1979இல் வெளியிட்ட நிக்கார் 25-50 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் அது. அகலப் பார்வை லென்ஸ் என்பது அருகில் நின்றே பெரும்பரப்பைப் படத்துள் அடக்குவது; ஜூம் என்பது நின்ற இடம் பெயராமலே காட்சியைப் பெரிதும் சிறிதும் ஆக்குவது. இவ்விரண்டையும் ஒரு குழலில் சேர்த்தல் எளிதன்று. 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவுக்குரிய முதல் ஜூம் லென்ஸ் 1959இல்தான் வந்தது. பிராங்க் பாக் என்பார் வகுத்த அந்த ஜூமார், 36இல் தொடங்கி 82இல் முடிந்தது. அதற்கும் கீழே இறங்கி முழு அகலப் பார்வையை எட்ட மேலும் பல ஆண்டுகள் சென்றன.

தாமதத்திற்குக் காரணம் என்னவெனில், ஜூமுக்குப் பல கண்ணாடிகள் வேண்டும். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கைத் திருப்பி எறிந்து விடும். இருபது பரப்புகள் உள்ள லென்ஸாயின், மறுபுறம் சென்று சேர்வது நூற்றில் 44 பங்கே. எஞ்சிய ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து, படத்தின்மேல் வெண்புகை போலப் படியும். கண்ணாடிமேல் மெல்லிய பூச்சிட்டு இதைக் குறைக்கும் வழியை ஜெர்மனியில் ஸ்மாகுலா என்பார் 1935இல் கண்டார். பல அடுக்குப் பூச்சும் கணக்கிடும் இயந்திரமும் வந்த பின்னரே இவ்வகை லென்ஸ் நல்ல முறையில் செய்யக் கூடியதாயிற்று.

இனி, பழைய லென்ஸ் புதிய காமிராவிற் பொருந்துவது எங்ஙனம்? பழைய காமிராவினுள்ளே சாய்ந்த கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசையும். அதற்கு இடம் வேண்டியிருந்தபடியால், லென்ஸின் அடிவளையம் பிலிமிலிருந்து 46.5 மில்லிமீட்டர் முன்னே நின்றது. நாம் பயன்படுத்திய புதிய நிக்கான் இசட் காமிராவில் அக்கண்ணாடி இல்லை. அடிவளையத்துக்கும் ஒளியை உணரும் தகட்டுக்கும் இடையே 16 மில்லிமீட்டரே. ஆகவே 30.5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றுக் குழலை இடையிற் செருகினால் கணக்குச் சரியாகும். இக்குழலையே அடாப்டர் என்பர். இதனுள் கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் உலோகக் குழல்தானே, இதில் என்ன பிழை நேரக்கூடும் என்றுதான் நாமும் எண்ணினோம்.

முதலில் கைவிளக்கின் ஒளியை லென்ஸினூடே சாய்வாகச் செலுத்திப் பார்த்தோம். நம் ஊர் மழைக்காலத்து ஈரம் லென்ஸுக்குப் பெரும்பகை. சிலந்தி வலை போன்ற பூஞ்சை கண்ணாடியின்மேற் படர்ந்து பூச்சையே அரித்து விடும். இதில் ஓரத்தில் சிறு தூசுகள் இருந்தனவேயன்றிப் பூஞ்சை இல்லை. தூசு படத்தைக் கெடுப்பதில்லை. அதைக் கண்டு அஞ்சி லென்ஸைக் கழற்றுவோரே அதைக் கெடுக்கின்றனர்.

மறுநாட் காலையில் நண்பர் வீட்டு மேல்மாடியில் முக்காலியை நிறுத்தி, வடகிழக்கே தெரியும் யானைமலையை நோக்கினோம். இம்மலை போட்டோக்காரர்க்குப் பழைய உறவு. சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதை மெழுகுக் காகித நெகட்டிவில் படம் பிடித்துள்ளார். அப்படங்களின் அமைதியைக் காண்போர், நம் கைக் கருவிகளைக் கண்டு நாணுவர்.

ஜூம் லென்ஸைக் கையாளுவதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. முதலில் 50க்குத் திருப்பிக் காட்சியைப் பெரிதாக்கித் தெளிவை நிறுத்த வேண்டும். பிறகு 25க்கு இறக்கிப் படமெடுக்க வேண்டும். நல்ல ஜூமாயின் அளவு மாறினும் தெளிவு மாறாது. நாமும் அவ்வாறே செய்தோம். 50இல் மலையின் பாறை வெடிப்புகளும் எண்ணத்தக்கனவாய்த் தெரிந்தன. 25இலோ மலை மட்டுமன்று, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் நீர்மேல் எழுதினாற்போல மங்கியிருந்தன. துவாரத்தை எப் 4லிருந்து எப் 8க்குச் சுருக்கியபோது மங்கல் பெரும்பாலும் மறைந்தது. பழம்பொருள் வாங்குவோர் சொன்னது சரியே என்று நாமும் முடிவு கட்டினோம். அதை நண்பரிடம் சொல்லியும் விட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடத் தொடங்கினார்.

எனினும், வந்த வழியிலேயே மற்றொரு சோதனையையும் முடித்துவிடலாமென்று லென்ஸை ஒருநாள் கேட்டு வாங்கிக் கொண்டு கல்லூரிக்குத் திரும்பினோம். நம் கல்லூரியின் செங்கற் சுவரைக் காட்டிலும் சிறந்த சோதனைப் பலகை வேறில்லை. கற்களின் வரிசை நேராக இருப்பதால் வளைவு தெரியும்; இடையிலுள்ள சுண்ணக் கோடுகளால் மூலைகளின் தெளிவும் தெரியும். பத்தடி தூரத்தில் நின்று 25, 35, 50 என்னும் மூன்று அளவிலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தெளிவை நிறுத்திப் படமெடுத்தோம். வியப்பு என்னவெனில், மூன்றிலும் நடுப்பகுதி கூர்மையாகவே இருந்தது. 25இல் நேர்வரிகள் பீப்பாயைப் போலச் சற்றே புடைத்தன. மூலைகள் எப் 4இல் சிறிது தளர்ந்து எப் 8இல் திருந்தின. இவை அக்கால லென்ஸுகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு. மங்கல் நோய் கொண்ட லென்ஸ் மலையில் மங்கி, சுவரில் மட்டும் தெளிதல் எவ்வாறு?

அன்றிரவு ஒரு காகிதத்தில் கணக்கிட்டபோதுதான் விடை தெரிந்தது. குற்றம் லென்ஸில் இல்லை. இடையிலிருந்த வெற்றுக் குழலில்! அடாப்டர் செய்வோர் பலர் அதை வேண்டுமென்றே இம்மி அளவு குட்டையாகச் செய்கின்றனர். நீளம் மிகுந்துவிட்டால் தொலைவிலுள்ள பொருள் ஒருபோதும் தெளியாது. குறைந்தாலோ வளையத்தைத் திருப்பி எப்படியும் தெளிவாக்கிக் கொள்ளலாம். ஒரே அளவுள்ள லென்ஸுக்கு இதனாற் கேடு சிறிதும் இல்லை. ஜூமுக்கோ பெருங்கேடு.

குழல் 0.1 மில்லிமீட்டர் குறைந்திருப்பதாகக் கொள்வோம். அக்குறையை ஈடுசெய்ய, தொலைவிலுள்ள மலையைப் பார்க்கும்போதும் வளையத்தை அருகிலுள்ள ஏதோ ஒரு தூரத்திற்குத் திருப்ப வேண்டும். அத்தூரம், லென்ஸின் அளவைத் தன்னாலேயே பெருக்கிக் குறையால் வகுத்தால் வருவது. 50க்கு 2500ஐ 0.1ஆல் வகுக்க 25,000 மில்லிமீட்டர், அதாவது 25 மீட்டர். 25க்கு 625ஐ வகுக்க 6.25 மீட்டரே. ஒரே மலைக்கு இரு தூரம்! 50இல் நிறுத்திய வளையத்தை 25இல் அப்படியே விட்டால், உருவம் தகட்டிலிருந்து 0.075 மில்லிமீட்டர் விலகி விழும். எப் 4இல் ஒவ்வொரு புள்ளியும் 0.019 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாகி விடும். பிலிம் காலத்தில் 0.03 வரை பொறுத்துக் கொண்டனர். ஆகவே அன்று இது எவர் கண்ணிலும் படாது. இன்றைய 24 மெகாபிக்ஸல் தகட்டிலோ ஒரு கட்டத்தின் அகலம் 0.006, ஒரு புள்ளி மூன்று கட்டங்களில் வழிகிறது. எப் 8இல் வட்டம் பாதியாகச் சுருங்கும். நோய் மறைந்ததுபோலத் தோன்றியது இதனாலேதான். சுவரின் முன் அளவுதோறும் தனித்தனியே தெளிவு நிறுத்தியதால் அங்கே அது தலைகாட்டவே இல்லை.

அங்ஙனமாயின் எப்போதும் தனித்தனியே நிறுத்திக் கொள்ளலாமே எனின், பகல் வெளிச்சத்தில் ஓய்வாக நிற்பார்க்கு அது இயலும். இருண்ட தறி அறையிலே கையும் நாடாவும் ஓடும்போது அதற்கு நேரமேது?

மருந்து மிக எளிது. குளிர்பானம் அடைத்து விற்கும் அலுமினியக் குவளையின் பக்கத் தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமுள்ளது. அதைக் கத்தரித்து வளையமாக்கி, விளிம்பின் பிசிறை நன்றாகத் தேய்த்துப் போக்கி, அடாப்டரின் முகவளையத்துக்கும் குழலுக்கும் இடையில் வைத்துத் திருகாணிகளை முடுக்கினோம். வளையம் எங்கும் ஒரே கனமாக இருத்தல் வேண்டும். ஒருபுறம் மடிந்தால் லென்ஸ் சாய்ந்து, படத்தின் ஓர் ஓரம் மட்டும் கெடும். நம் முதல் முயற்சி அவ்வாறே கெட்டது. இரண்டாவது வளையம் சரியாக அமைந்தது. மீண்டும் மேல்மாடி ஏறி மலையை 50இல் தெளிவாக்கி 25க்கு இறக்கினோம். தெளிவு நின்ற இடத்திலேயே நின்றது. தூரம் காட்டும் குறிகளும் மெய் சொல்லத் தொடங்கின. முன்னாள் அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்புக்காக நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம்.

எஞ்சிய சோதனைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். வைகைக் கரையில் மாலைச் சூரியனை நேரே நோக்கியபோது படம் வெளிறி, ஒளிப்பொட்டுகள் வரிசையாகத் தோன்றின. கையால் நிழல் செய்தவுடன் பெரும்பாலும் நீங்கின. காமிராவிற்குள் கைநடுக்கத்தைத் தணிக்கும் கருவி உண்டு. ஆனால் இது மின்தொடர்பு இல்லாத லென்ஸாதலால், அளவு 25ஆ 50ஆ என்பதை நாமே பட்டியலில் குறித்துக் கொடுக்க வேண்டும். ஜூமைத் திருப்பிய பின் குறிப்பை மாற்ற மறப்பது எளிது. நாம் இருமுறை மறந்தோம்.

பிறகு மாமன் வீட்டிற்குச் சென்றோம். அறை பத்தடி அகலம்; ஓட்டிடையிலுள்ள ஒரே கண்ணாடி ஓட்டின் வழியே வெளிச்சம். தறிக்கு எதிரே எட்டடிக்கு மேல் பின்வாங்க இடமில்லை. அத்தூரத்தில் 50 அளவு ஐந்தே முக்கால் அடி அகலத்தையே அடக்கும். 25 அளவோ பதினொன்றரை அடியை அடக்கிற்று. குழியில் கால்வைத்து அமர்ந்த பெரியவர், மிதி, பாவு, சுவரில் மாட்டிய காலண்டர் யாவும் உள்ளே வந்தன. துவாரத்தை எப் 4இலேயே வைத்தோம். நாடா ஓடிய இடம் ஒரு வெண்கோடாய் நின்றது. அது நமக்குப் பிடித்தே இருந்தது.

படத்தைக் காமிராவின் திரையிற் பெரிதாக்கிப் பெரியவரிடம் காட்டினோம். தம் முகத்தை அவர் பார்க்கவில்லை. இடப்புற ஓரத்தை விரலாற் சுட்டி, "பாவில் இரண்டு இழை அறுந்திருக்கிறது, பாருங்கள் தம்பி" என்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீண்டும் குழியில் இறங்கி, அவ்விழைகளை முடியத் தொடங்கினார்.