மின்தூக்கி நிற்காத மாடி

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். அக்கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. ஐந்து, ஒன்பது என்று சில மாடிகளில் மட்டுமே கதவு திறக்கும். ஏழாம் மாடியில் வீடு என்றால், ஐந்தில் இறங்கிப் படியேறிப் போகவேண்டும். செலவைக் குறைக்க அவ்வாறு கட்டினார்கள். நல்ல கால்கள் உள்ளவருக்கு அது ஒரு பொருட்டன்று. சக்கர நாற்காலியில் இருப்பவரையோ, சந்தைக்கும் மருத்துவரிடமும் போகவேண்டுமானால் யாராவது தூக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

இங்கே நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கால் நடக்காதது உடலின் குறை. வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதது யாருடைய குறை? அதே மனிதரை ஐந்தாம் மாடிக்குக் குடிமாற்றிப் பாருங்கள். அவருடைய கால் குணமாகவில்லை; ஆனால் தாமே கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறார்.

2001ஆம் ஆண்டில் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றது. சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பம் ஒன்று கட்டவேண்டிய தொகை 3,000 வெள்ளிக்கு மேற்படாது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: தகுதியுள்ள வீட்டுக்காரர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வாக்கெடுப்பில் இசையவேண்டும். படியேறத் தயங்காத இளம் தம்பதியர், ‘எங்களுக்கு இது எதற்கு?’ என்று கேட்கலாம். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகும் நாளில் அவர்களுக்கே விடை தெரிந்துவிடும்! ஆயினும், ஒருவர் தம் வாசலைத் தாண்டுவது அண்டைவீட்டாரின் வாக்கைப் பொறுத்திருப்பது முறையன்று என்பதே நம் கருத்து. பெரும்பாலான இடங்களில் அண்டைவீட்டார் இசைந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டட அமைப்பின் காரணமாக இன்னும் சில இடங்களில் மின்தூக்கி நிற்காத மாடிகள் இருக்கின்றன. அங்குள்ளவர்களில் தேவையுடையோர் வேறு வீட்டிற்கு மாற 2020 முதல் மானியம் உண்டு. பழகிய முகங்களை விட்டுப் போக முதியவர் ஒருவர் தயங்கினால் அதில் வியப்பில்லை.

தேவையை அறிந்தவரிடம் முன்னதாகவே கேட்டிருந்தால் என்ன? இந்தக் கேள்வி உலக அளவில் எழுந்ததும் உண்டு. 1980இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் மறுவாழ்வு வல்லுநர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. அந்த அமைப்பின் முடிவெடுக்கும் அவையில் சரிபாதி இடம் வேண்டும் என்று உடற்குறையுள்ளோர் கேட்டார்கள். கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர்கள் தமக்கென ஓர் உலக அமைப்பை நிறுவ முனைந்தார்கள். அதன் முதல் மாநாடு 1981இல் கூடியது நம் சிங்கப்பூரில்தான். அதன் முதல் தலைவரும் சிங்கப்பூரர். பார்வையிழந்தவரான ரான் சந்திரன் டட்லி.

அதே ஊரில், ஆறு ஆண்டுகள் கழித்து 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது, சக்கர நாற்காலியில் வருபவருக்கு நிலையங்களில் மின்தூக்கி இல்லை. சுரங்கம் தோண்டும்போதே அமைத்திருக்கவேண்டியதைப் பின்னர் இடம் தேடித் தேடிப் பொருத்தவேண்டியதாயிற்று. 2006ஆம் ஆண்டு வாக்கில்தான் ஒவ்வொரு நிலையத்திலும் தடையற்ற வழி ஒன்றாவது அமைந்தது. ஒரே வழி என்றால், அது சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்துவிட்டால், முதலில் அந்தச் சாலையைக் கடந்தாகவேண்டும். அதற்காகப் பல நிலையங்களில் இரண்டாவது மின்தூக்கியையும் கட்டினார்கள்.