ஒரு வாத்தியார், ஒரு வாக்கு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைகிற சத்தமும், பஸ் நடத்துநர்கள் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவுகிற சத்தமும் ஒன்றாகவே காதில் விழும். அங்கேதான் இருக்கிறது டிரான்ஸ்போர்ட் பவன், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் பஸ் துறையை உருவாக்க, லண்டனிலிருந்து சால்டர் என்ற அதிகாரியை வரவழைத்தார்கள். அதுவே 1965-இல் கழகமானது.

1980 ஜனவரியில் பதவியேற்ற இடதுசாரி முதல்வர் நாயனாரின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் வந்தது. திருச்சூர் மாவட்டக் கொடகரைக்காரரான லோனப்பன் நம்பாடன்தான் அவர். 1977-இல் கேரள காங்கிரஸ் சார்பில் சட்டமன்றத்துக்கு வந்தவர். நகைச்சுவைப் பேச்சால் சபையைச் சிரிக்க வைத்தவர்.

கேரள அரசியலில் வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க முடியாது. அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கோ வெகுகாலம் தடையில்லை. அந்தச் சலுகையை உயர் நீதிமன்றம் 2021-இல்தான் ரத்து செய்தது.

நம்பாடனின் மந்திரிப் பதவி இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1981 அக்டோபரில் நாயனார் அரசு விழுந்தது. டிசம்பர் கடைசியில் காங்கிரஸ் தலைவர் கருணாகரன் முதல்வரானார். சபையில் இரு தரப்பும் சரிசமம். சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் தம் வாக்கைப் போட்டுப் போட்டுத்தான் அரசைக் காப்பாற்றினார். தள்ளினால் மட்டுமே ஓடுகிற பழைய பஸ் மாதிரி அரசு நகர்ந்தது. 1982 மார்ச்சில், அப்போது ஆளும் தரப்பில் இருந்த நம்பாடன் ஆதரவை விலக்கிக்கொண்டார். அரசு கவிழ்ந்தது.

அடுத்த தேர்தலில் இடதுசாரி ஆதரவோடு இரிஞ்ஞாலக்குடாவில் நின்று ஜெயித்தார். ஆனால் ஆட்சி மறுபடி கருணாகரனுக்கே போனது. ஐந்து வருஷம் எதிர்க்கட்சி பெஞ்சில் உட்கார்ந்த பிறகே, 1987-இல் வீட்டுவசதி மந்திரியானார். 2004-இல் முகுந்தபுரம் மக்களவைத் தொகுதியில் கருணாகரனின் மகள் பத்மஜாவை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். 2013 ஜூன் 5 அன்று காலமானார்.

கட்சி மாறியவர் என்று அவரைக் குறை சொல்லலாம். ஆனால் ஆளும் வரிசையை விட்டிறங்கி, வாக்காளரிடம் தீர்ப்புக் கேட்டு, தோற்ற அணியோடு ஐந்து வருஷம் பொறுத்திருந்தவர் அவர். இன்றைக்குக் கட்சி தாவுகிறவர்களை நம்பாடன் வாத்தியாரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.